சுருட்டுப் பெட்டியும் குளிர்பலகையும்

சுரங்கத்திலிருந்து வெளியே வந்த ஆர்வில் அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போகவில்லை. முகத்தில் அப்பிய கரியோடு கம்பெனிக் கடைக்குள் நுழைந்து, காலியான சுருட்டுப் பெட்டி ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டான். கடைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஆணி போட்டு வைத்திருந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அவன் பக்கம் தள்ளினான்.

தேவதாரு மரப் பெட்டி. மூடியில் சிவப்புப் பாவாடை கட்டிய ஒருத்தி பனைமரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். திறந்து முகர்ந்தால் இன்னும் புகையிலை மணத்தது. விரலால் தட்டிப் பார்த்தான். கிண்ணென்றது. இது போதும் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

கரடியோடை என்ற அந்தச் சுரங்க ஊரில் பகல் குட்டை. கென்டக்கி மலைகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஓடை, ஓடையை ஒட்டி இரும்புப்பாதை, பாதையை ஒட்டி ஒரே அச்சில் வார்த்த மாதிரி கம்பெனி வீடுகள். மத்தியானம் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்துவிடும். அதன் பிறகு இருட்டும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் ஒரு சாம்பல் நிறம் நெடுநேரம் அப்படியே நிற்கும். அங்கே பிறந்தவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஆர்விலும் அங்கே பிறந்தவன்தான். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் அந்தச் சாம்பல் நிறம் அவனுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. லீத்தாவுக்குக் காய்ச்சல் ஏறுகிற நேரம் அதுதான்.

அவன் மனைவி லீத்தா அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டி வந்த காய்ச்சல். நெற்றியில் போட்ட ஈரத்துணி காய்ந்து முறுகிக் கிடந்தது. அவன் கக்கத்தைப் பார்த்ததும் உதடு ஒரு பக்கமாய் வளைந்தது.

"என்ன, சுருட்டுப் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"பிடில் செய்யப் போறேன்."

"அதுலயா? அந்தப் பொம்பளைய என்ன பண்றது?"

"அவ பாட்டுக்குச் சிரிச்சிட்டு நிக்கட்டும். உனக்கு என்ன?"

அவள் சிரிக்கப் போய் இருமினாள். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவனிடம் முன்பு ஒரு நல்ல பிடில் இருந்தது. அப்பாவுடையது. வேலைநிறுத்தத்தின்போது கம்பெனியின் காவலாட்கள் வீட்டுச் சாமான்களையெல்லாம் தெருவில் வீசினார்கள். அப்போது ஒருவன் பூட்ஸ் காலை அதன் வயிற்றிலேயே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலின் உச்சத்தில் லீத்தா, ஏதாவது வாசியேன், இந்தச் சூடு கொஞ்சம் மறந்திருக்கும் என்று கேட்டாள். பிடில் இல்லை என்பதுகூட அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. கம்பெனி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆர்விலை வாசலுக்கு அழைத்துப்போய், காய்ச்சல் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேறு எதுவும் அவனால் செய்ய முடியாது. பிடில் செய்ய முடியும்.

பெட்டி கிடைத்துவிட்டது. தோல் கிழிந்த பான்ஜோ வாத்தியம் ஒன்றிலிருந்து கம்பிகள் கிடைத்தன. சுரங்கத்தில் வண்டி இழுக்கும் கோவேறு கழுதையின் வால் மயிரை, அது உதைப்பதற்குள் வில்லுக்காக ஒரு பிடி அறுத்துக்கொண்டான். வில்லில் தேய்க்கப் பைன் மரத்தில் பிசின் இருந்தது. பேனாக்கத்தியைத் தணலில் காய்ச்சிப் பெட்டியின் மேல் முகத்தில் இரண்டு துளைகளை வளைத்து வெட்டினான். கம்பிகளைத் தாங்குகிற குதிரையைப் பன்றி எலும்பில் செதுக்கினான். பழைய பிடில்காரர்கள் செய்வதுபோல, ஈரமும் எலியும் அண்டாதிருக்கப் பெட்டிக்குள்ளே கிலுகிலுப்பைப் பாம்பின் வால்முனை ஒன்றையும் போட்டான்.

கழுத்துக்குத்தான் மரம் கிடைக்கவில்லை. கம்பி இழுக்கிற இழுப்பைத் தாங்கக் காய்ந்து இறுகிய மரம் வேண்டும். கம்பெனி கொடுக்கிற பலகை எல்லாம் நேற்று வெட்டி இன்று அறுத்தது. ஒரு மழைக்கே முறுக்கிக்கொள்ளும்.

காய்ந்த மரம் அவன் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

பின்பக்கத்துத் தாழ்வாரத்தில், சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. குளிர்பலகை.

யாராவது செத்தால் குளிப்பாட்டி, சவப்பெட்டி தயாராகும் வரை அதன் மேல்தான் கிடத்துவார்கள். உடம்பில் மிச்சம் இருக்கிற சூட்டை அந்தப் பலகை வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆள் முழுசாகப் போவான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊருக்கே ஒரே பலகை. சுரங்கம் வருவதற்கு முன்னால், மலையில் மேப்பிள் மரங்கள் நின்ற காலத்தில் யாரோ இழைத்தது. கடைசியாகச் சாவு நடந்த வீட்டில் அது நிற்கும். அடுத்து எந்த வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டார்தான் வந்து எடுத்துப்போக வேண்டும். பின்கதவைத் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது, பேசக்கூடாது. பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதை யாரும் யார் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது கிடையாது. கொடுத்தால் அடுத்த சாவு அந்த வீட்டில்தான் என்று அர்த்தம், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இலையுதிர் காலத்தில் ஆர்விலின் தம்பி கோய் கூரைப்பாறை விழுந்து செத்தபோது ஆர்வில்தான் போய் எடுத்து வந்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் சாகவில்லை. பலகை அங்கேயே நின்றுவிட்டது. கோழிகூட அதன் மேல் ஏறி உட்காராது.

அதை எதற்கும் தொடக்கூடாது என்று ஆர்விலுக்குத் தெரியாமல் இல்லை. உள்ளே லீத்தா முனகினாள். அவன் மரம் அறுக்கும் வாளை எடுத்தான்.

ஒரு ஓரத்தில் மட்டும், நீளவாக்கில், இரண்டு விரல் அகலம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நேராக அறுத்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு விரல் குறைந்து யார் கீழே விழப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அறுக்கும்போது முழங்கையில் விழுந்த மரத்தூள் பனித்தூள் மாதிரி சில்லென்றிருந்தது. காற்று அப்படி என்று நினைத்துக்கொண்டான். அந்தக் கீற்றில் பாதி பிடிலின் கழுத்தாயிற்று. மீதி வில்லாயிற்று. செதுக்கலை எல்லாம் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டான். தீ ஒரு கணம் சுருங்கிப் பதுங்கி, பிறகு எரிந்தது.

மறுநாள் சுரங்கத்தில் பிடில் விஷயம் பரவிவிட்டது. அவனோடு ஒரே கரிச்சுவரில் கரி அள்ளுகிற ஹோபர்ட், அவனை விட மூத்தவர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர், சாப்பாட்டு வாளியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"டேய், அது பிடிலா எலிப்பொறியா? உள்ள பாம்பு வால் வேற வச்சிருக்கியாமே."

"வந்து கேளுங்கண்ணே, தெரியும்."

"நான் செத்தா என் முன்னாடி வாசி. அப்பத்தான் எழுந்து ஓட முடியாது."

அன்று சாயங்காலம் சாம்பல் நிறம் கவிந்ததும் ஆர்வில் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பிடிலைத் தோளில் வைத்தான். கழுத்தைப் பிடித்த இடது கை விறைத்தது. ஓடைத் தண்ணீருக்குள் கை விட்டது போலிருந்தது. வில்லை இழுத்தான். சுருட்டுப் பெட்டியில் அப்படி ஒரு ஒலி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தாழ்ந்து, நீண்டு, பக்கத்து அறையில் யாரோ வாய் திறக்காமல் பாடுவது போல வந்தது.

லீத்தா கண்ணை மூடினாள்.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அவள் நெற்றி வேர்த்தது. மூன்றாவதில் மூச்சு சீரானது. தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. ஆர்வில் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு வாசித்தான். லீத்தா எழுந்து உட்கார்ந்தாள். சோள ரொட்டியைப் பயறுச் சாற்றில் தொட்டுச் சாப்பிட்டாள். எழுந்து நடந்தாள். டாக்டர் வந்து பார்த்து, மலைக்காரர்களின் உடம்பே தனி என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நெருங்கினால் லீத்தா தானே பிடிலை எடுத்து வந்து அவன் மடியில் வைப்பாள். முடித்தால், இன்னும் ஒண்ணு என்பாள். அதையும் முடித்தால், இன்னும் ஒண்ணு.

ஒரு காலை, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பிப் பாத்திரத்தை அவள் வெறும் கையால் தூக்கினாள்.

"கை சுடலையா?"

"இல்லையே. ஆறிப்போயிருக்கு."

பாத்திரத்தின் மூக்கிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஆர்வில் துணியைச் சுற்றி அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தான். இப்போதுதானே தேறி வருகிறாள் என்று இருந்துவிட்டான்.

பிறகு ஹோபர்ட் செத்தார். சாப்பாட்டு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கரிச்சுவரில் சாய்ந்து, பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். அவ்வளவுதான். ஆர்விலும் மற்றவர்களும் அவரைக் கரி வண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மத்தியானம் ஆர்வில் வீட்டின் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆர்விலும் லீத்தாவும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே காலடி. மரம் சுவரில் உரசும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் காலடி தூரப் போயிற்று.

ஆர்வில் மூச்சை விட்டான். குளிரில் அது வெள்ளையாகப் புகைந்தது.

லீத்தா ஜன்னல் கண்ணாடியில் முகம் ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது. ஒரு துளி மங்கல் இல்லை.

அன்றும் வாசித்தான். அதற்கு மறுநாளும்.

ஹோபர்ட்டைப் புதைக்கவில்லை என்ற செய்தி வீடு வீடாக வந்தது. அவருடைய மனைவி டெஸ்ஸி விடமாட்டேன் என்கிறாளாம். உடம்பு ஆறவே இல்லையாம். விறைக்கவும் இல்லையாம். டாக்டர் வாயருகே கண்ணாடி பிடித்துப் பார்த்து, இறந்துவிட்டார் என்று சொல்லியும் கேட்கவில்லை. பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டு, போகும்போது உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே போனாராம். இரவு சவத்துக்குக் காவலாக உட்கார வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை சொல்லி நழுவிவிட்டார்கள்.

ஆர்வில் போகாமல் இருக்க முடியாது. கூட வேலை செய்தவன்.

மத்தியானமே போனான். வெளியே பனிமூட்டம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டெஸ்ஸியின் வீட்டில் சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். இரண்டு நாற்காலிகளின் மேல் குளிர்பலகை, அதன் மேல் ஹோபர்ட், நல்ல சட்டை போட்டு, தாடையைக் கட்டி. அடுப்பு எரியவில்லை. ஆனாலும் அறை வெதுவெதுப்பாக இருந்தது.

வாடை இல்லை. அதுதான் முதலில் அவனைப் பயமுறுத்தியது.

டெஸ்ஸி பலகையின் இடது பக்கத்தில் உட்கார்ந்து, ஹோபர்ட்டின் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கை நிக்கவே மாட்டேங்குது," என்றாள். "எடுத்து வச்சா விழுந்துடுது. எடுத்து வச்சா விழுந்துடுது. கோயைப் போட்டப்ப நல்லா இடம் இருந்துச்சே." அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆர்வில், உன் வீட்ல பலகை முழுசாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சு அக்கா."

சொல்லிவிட்டான். சொன்ன வாயை மூட முடியாமல் நின்றான். அறுத்த ஓரம் வெள்ளையாக, புதுசாக, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெஸ்ஸிக்கு அதைப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை.

"கொஞ்சம் பிடி," என்று கையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

ஆர்வில் வாங்கினான்.

கொதித்தது.

அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் தொட்டுத் தொட்டுப் பார்த்த சூடு. லீத்தாவின் காய்ச்சல்.

விடலாம் என்று நினைத்தபோது ஹோபர்ட்டின் விரல் ஒன்று அவன் மணிக்கட்டில் அழுந்தியது. பிறகு அடுத்த விரல். மறுபடி முதல் விரல். மெதுவாக, வரிசையாக. ஆர்வில் குனிந்து பார்த்தான். நேற்றுக் கடைசியாக அவன் வாசித்த பாட்டு. ஒரு விரல் தப்பாமல்.

"உனக்கும் தெரியுதா?" டெஸ்ஸி கதவருகில் நின்று ரகசியமாகக் கேட்டாள். "வெளிச்சம் மங்குற நேரத்துல ஆரம்பிக்கும். உன் பிடில் சத்தம் இங்க வரைக்கும் வருது பாரு, அப்ப. இன்னைக்கு நீயே வந்திருக்கே, அதான் இப்பவே ஆடுது." அவள் கண் பளபளத்தது. "அவருக்கு விசில்கூட அடிக்கத் தெரியாது, ஆர்வில். நீதான் அவரைக் கூப்பிடறே. நிறுத்திடாதே. நீ வாசிக்க வாசிக்க அவரு எழுந்துடுவாரு."

ஹோபர்ட்டின் உதடுகள் வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தன. மூடிய கண்ணோரத்திலிருந்து ஒரு நீர்க்கோடு காதுக்குள் இறங்கியிருந்தது.

உதடு அசைந்தது.

மூச்சு இல்லை. சத்தம் இல்லை. ஆனால் கரி வெட்டும் யந்திரத்தின் இரைச்சலில் ஆர்வில் அந்த உதட்டைப் பார்த்தே வருஷக்கணக்காகப் பேச்சைப் புரிந்துகொண்டவன்.

ஆற விடுடா.

கையை டெஸ்ஸியின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பனிமூட்டத்தில் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

லீத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிடில் மடியில் தயாராக இருந்தது. அவளுடைய இடது கை பக்கத்தில் கிடந்தது. அதன் விரல்கள் போர்வையின் மேல் அதே பாட்டை மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பலகை, கீற்று, டெஸ்ஸியிடம் சொன்ன பொய், உதடு. அவள் கடைசி வரை கேட்டாள்.

"இங்க கை வையி," என்று அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அவன் துடிப்புக்காகக் காத்திருந்தான்.

வெகுநேரம் காத்திருந்தான்.

"நேத்துலேருந்து இப்படித்தான்," என்றாள். "உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ வாசிக்கிறத நிறுத்திடுவியோன்னு பயம். இப்ப நீ நிறுத்தலையேன்னு பயம்."

"நிறுத்தினா காய்ச்சல் திரும்ப வரும், லீத்தா."

"வரட்டும். அது என் காய்ச்சல். செத்துப்போன மனுஷன் எதுக்கு எனக்காக வேகணும்?"

அவன் நகரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். நடக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். இது போதாதா என்று ஒரு நினைப்பு அவனுக்குள் வந்தது. வந்த நினைப்பை அவள் படித்துவிட்டாள் போலிருக்கிறது. அவளே முறுக்காணிகளைத் தளர்த்தினாள். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. "பிடுங்கு," என்றாள்.

ஆர்வில் பெட்டியை முழங்காலில் அழுத்தி, கழுத்தை இடது கையால் பற்றி இழுத்தான். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. பெட்டிக்குள் பாம்பு வால் கிலுகிலுத்தது. மறுபடி இழுத்தான். ஆணிகள் கீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டன. கழுத்து கையோடு வந்தது. ஆனால் கை கழுத்தை விட்டு வரவில்லை. உறைந்த இரும்பில் ஒட்டின தோல் போல உள்ளங்கை அதில் ஒட்டியிருந்தது. பிய்த்தபோது தோலும் கொஞ்சம் போயிற்று. ரத்தம் வரவில்லை.

கழுத்து, வில், சுத்தியல். மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

டெஸ்ஸி விஷயம் கேட்டதும் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"தொடாதே. நீ அறுத்ததால அவரு எனக்கு இருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

"அக்கா, அவரு உதட்டைப் பாருங்க."

"பார்க்க மாட்டேன்."

"அவரு என்ன சொல்றாருன்னு நான் சொல்றதை விட நீங்களே பார்த்தா நல்லது."

கை பலகையிலிருந்து நழுவி விழுந்து அவள் முதுகில் இடித்தது. டெஸ்ஸி திரும்பினாள். குனிந்தாள். அவளும் ஒரு சுரங்கக்காரனின் மனைவிதான். யந்திரத்தின் இரைச்சலில் பாதிக் காது போன புருஷனோடு உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்தியவள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

பிறகு நிமிர்ந்து, கையை நீட்டி, ஆர்விலிடமிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

அவள்தான் அடித்தாள். அவன் பிடித்துக்கொண்டான். கழுத்தையும் வில்லையும் ஓரத்தில் வரிசையாக வைத்து ஆணி இறக்கினார்கள். சரியாகப் பொருந்தவில்லை. செதுக்கின இடமெல்லாம் பள்ளமாக, முறுக்காணித் துளைகள் கண் மாதிரி திறந்தபடி இருந்தன. செதுக்கலோ எப்போதோ அடுப்பில் போய்விட்டது. அதை எங்கே தேடுவது.

கடைசி ஆணி இறங்கியதும் டெஸ்ஸி கையை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

நின்றது.

அறை சட்டென்று குளிர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் மங்கல் படர்ந்தது. ஹோபர்ட்டின் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. தச்சுப் பட்டறையில் பலகை நெட்டி முறிப்பது போல மெல்லிய சத்தத்தோடு அவர் உடம்பு விறைத்தது. டெஸ்ஸி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் முதல் முறையாக, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

ஆர்வில் வீட்டுக்குள் நுழைந்தபோது லீத்தா போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரம் விழுந்து கிடந்தாள். தீயாய்க் கொதித்தாள். பல் கிட்டியிருந்தது. அவள் வாய்க்கு எதிரே கண்ணாடியில், காசு அகலத்துக்கு, ஒரு வெள்ளை மங்கல் வந்தது. போனது. மறுபடி வந்தது.

அந்தக் காய்ச்சலை அவன் கைகூப்பி வரவேற்றான். பிறகு வந்த நாட்கள் மோசமானவை. இரண்டு முறை டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். டெஸ்ஸி துக்கத் துணியோடு வந்து லீத்தாவுக்கு ஈரத்துணி மாற்றிப் போட்டாள். பலகையைப் பற்றி அவள் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மலையில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் காய்ச்சல் தானாக உடைந்தது. லீத்தா கண் விழித்து, பசிக்கிறது என்றாள். காப்பிப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டு, ஆ சுடுது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஆர்வில் சமையலறையில் நின்று சிரித்தான்.

அவன் இடது கை மட்டும் அதற்குப் பிறகு சூடாகவே இல்லை.

உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது. ஆனால் குளிர் போகவில்லை. அடுப்பில் காட்டினான். வெந்நீரில் முக்கினான். வெயில் காலம் வந்தது, போனது. லீத்தா அவனுக்கு வலப்பக்கமாகப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். இலை உதிரும்போது குளிர் முழங்கைக்கு ஏறியிருந்தது. மறுபடி உறைபனி தொடங்கியபோது தோளில் இருந்தது. ஒரு காலை உறைந்த தண்ணீர் வாளியை அந்தக் கையால் தூக்கினான். இரும்புப் பிடி வெதுவெதுப்பாக இருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் அந்த வருஷம் முழுவதும் சாவு இல்லை. குளிர்பலகை டெஸ்ஸியின் வீட்டுப் பின்பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றது. கழுத்தில்லாத சுருட்டுப் பெட்டியில் லீத்தா பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தாள்.

முதல் வெண்பனி கொட்டிய மத்தியானம் ஆர்வில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். சாம்பல் நிறம் கவிந்துகொண்டிருந்தது. பூட்ஸில் இருந்த கரியைத் தட்டப் பின்பக்கம் போனான்.

தாழ்வாரத்தில் பலகை சாய்ந்து நின்றது.

இந்த முறை சுவரைப் பார்த்து இல்லை. ஆணி அடித்த ஓரமும், முறுக்காணித் துளைகளும், அவனைப் பார்த்து நின்றன.

பனியைப் பார்த்தான். வேலியிலிருந்து படி வரை, அவன் வந்த தடம் மட்டும் இருந்தது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். உள்ளே சோள ரொட்டி வேகும் மணம். லீத்தா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுதான்.

"டெஸ்ஸி அக்கா வீட்லேருந்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே. இப்பத்தான் பின்கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. நீதான்னு நினைச்சேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. இதோ வந்துடறேன்."

கதவைச் சாத்தினான். அவள் பார்ப்பதற்குள் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வலது கையில் சாப்பாட்டு வாளி இருந்தது. இடது கையை நீட்டிப் பலகையின் ஓரத்தைப் பற்றினான்.

பலகை கதகதப்பாக இருந்தது.